சீலைத் துணியும் இருபத்துநான்கு பெட்டிகளும்

அண்ணைக்குத் தெரியாத விசயம் ஒன்று உலகத்தில் இருந்ததாக எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கனடாவில், பார்க்டேல் பகுதியில் நாங்கள் இருந்த பத்துமாடிக் கட்டிடத்தில் தமிழர் எல்லாருக்கும் அவர் அண்ணைதான்; யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அதைக் கேட்டு முடிக்குமுன்னரே அவருடைய பதில் தொடங்கிவிடும். லிப்டில் ஒருவர் இருமினால் மருந்து சொல்வார். இருமல் தானாக நின்றுவிட்டால் அது ஏன் நின்றது என்று சொல்வார். நல்ல உயரம், வழித்து வாரிய தலை, எந்தக் குளிரிலும் மேல் பொத்தான் பூட்டாத கோட்டு. பேசும்போது சுட்டுவிரலால் உள்ளங்கையில் எதையோ எழுதிக்கொண்டே பேசுவார். அந்த எழுத்தைப் பார்த்தால் கேட்பவர்களுக்கு நம்பிக்கை வந்துவிடும். எனக்கும் வந்தது.

நாலாம் மாடியில் இருந்த ஒருவருக்கு அகதி மனுச் சம்பந்தமாக அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அண்ணை அதை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்து வாசித்தார். பெயர் லிஸ்ரில் ஏறிவிட்டது என்று எழுதியிருக்கிறான், நீர் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார். உண்மையில் அது விசாரணைக்கு வரச்சொன்ன கடிதம். அந்த மனிதர் மூன்று மாதம் வக்கீலுக்குப் பின்னால் அலைந்தார். அலைந்து முடித்து வந்து அண்ணையிடம் முறையிட்டபோது, கடிதம் எழுதியவனுக்கு ஆங்கிலம் ஒழுங்காக வராது என்று விளக்கம் கிடைத்தது.

இதை வைத்து அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. கேட்டவர்களுக்காக எட்டு மாடி ஏறி இறங்குவார். லிப்ட் பழுதான நாட்களிலும் ஏறுவார், அது ஏன் பழுதானது என்று ஒவ்வொரு மாடியிலும் நின்று சொல்லிக்கொண்டு.

எங்களுடைய முதலாவது குளிர்காலத்தில் அவர் தமிழர் வீடுகள் எல்லாவற்றுக்கும் போய், ஜன்னல் இடுக்குகளில் பழந்துணியை அடைத்துவிட்டார். கத்தரிக்கோலும் துணிப்பொட்டலமுமாக வருவார். "குளிர் எண்டு ஒண்டு இல்லை, தங்கச்சி. ஓட்டை எண்டுதான் ஒண்டு இருக்கு" என்பார். அது பலித்தது. அந்த வருடம் எங்கள் வீடுகளில் பிள்ளைகள் கோட்டைக் கழற்றிவிட்டுத் தூங்கினார்கள். அவர் சொன்னவற்றில் எனக்குத் தெரிந்து பலித்தது அது ஒன்றுதான். அது பலிக்காமல் போயிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

கட்டிடத்தைப் பார்த்துக்கொண்ட சுப்பர் ஒரு போலந்துக்காரர். அவருடைய ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் அஜக்ஸ் நகரத்துக்கு வடக்கே ஒரு துண்டு நிலத்தில் தேனீ வளர்த்தார். புருசன் இறந்த பிறகு தனியாகச் செய்ய முடியாமல் இரண்டு பேரை வேலைக்குத் தேடினார். என் கணவர் அப்போது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நான் வந்து எட்டு மாதம். ஆங்கிலம் என்று சொல்லக்கூடியதாக என்னிடம் பத்துச் சொற்கள் இருந்தன. அண்ணைதான் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

சுப்பரின் சின்ன அறையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, ஆண்களுடைய சப்பாத்து, பலகை போன்ற கைகள். தேனீயைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார். அண்ணை கால் மணித்தியாலம் பேசினார். வன்னியில் தன்னுடைய குடும்பத்துக்கு நூறு பெட்டி இருந்ததாகவும், தேன் கொழும்புவரை போனதாகவும் எனக்கு விளங்கியது. போலந்து அம்மாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார். நான் "நோ" என்றேன். "குட்" என்றார். இரண்டு பேரையும் திங்கட்கிழமை வரச் சொன்னார். அந்த "குட்" தனக்குச் சொல்லப்பட்டது என்று அண்ணை கடைசிவரை நம்பினார்.

அந்த அம்மாவின் ஆங்கிலமும் எங்களுடைய ஆங்கிலம் மாதிரித்தான். "குட்", "நோ குட்" என்ற இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு பண்ணையை நடத்தினார். நான் அவருடைய கையைப் பார்த்து வேலை பழகினேன். அண்ணைக்குப் பழகவேண்டிய தேவை இருக்கவில்லை. முதல் நாளே, தேனீக்களை அடக்கப் புகை போடும் புகைக்குவளையில் ஈரச் சருகைப் போட்டு மூட்டித் தன் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். காதில் ஒரு தேனீ குத்தியபோது, இது இரத்த அழுத்தத்துக்கு நல்லது, ஊரில் இதற்காகவே ஆட்கள் வருவார்கள் என்றார். அன்று மாலை அந்தக் காது ஒரு வடை அளவுக்கு வந்திருந்தது.

ஒக்ரோபரில் பெட்டிகளைக் குளிருக்குக் கட்டினோம். மொத்தம் முப்பத்தாறு பெட்டிகள், பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று வரிசை. ஒவ்வொரு பெட்டியையும் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, அதற்கு மேல் கூரைக்குப் போடும் கறுப்புத் தார்த்தாள். மூடிக்குக் கீழே மரச்சீவல் அடைத்த சாக்குத் தலையணை. அந்த அம்மா தலையணைகளைத் தன் கையால் தைத்து வைத்திருந்தார். பெட்டியின் முன்பக்கம், மேலே, ஒரு பெருவிரல் நுழையக்கூடிய ஓட்டை. தார்த்தாளைச் சுற்றியபின் அந்த இடத்தில் கத்தியால் வெட்டி ஓட்டையைத் திறந்துவிட வேண்டும். முப்பத்தாறு தடவையும் அந்த அம்மா தானே வந்து விரலை நுழைத்துப் பார்த்தார். இவ்வளவு கம்பளி போர்த்திவிட்டு உச்சந்தலையில் ஒரு துளை விடுகிற பைத்தியத்தை நான் எங்கும் கண்டதில்லை என்று அண்ணை வான் வண்டியில் திரும்பி வரும்போது சொன்னார். எனக்கும் அது விசித்திரமாகத்தான் பட்டது.

பெப்ரவரி நடுவில் அந்த அம்மாவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. ஆறு கிழமைக்கு அவரால் நடக்க முடியாது. போகுமுன் எங்கள் இரண்டு பேரையும் பெட்டிகளுக்கு முன்னால் நிறுத்தி, செய்யவேண்டியதைச் சைகையும் சொல்லுமாகக் காட்டினார். பின்பக்கத்தைச் சற்றே தூக்கிப் பார்க்க வேண்டும். பாரம் குறைந்த பெட்டியில் தேன் முடிந்துகொண்டு வருகிறது, அதற்குச் சீனிப்பாகுக் கட்டி வைக்க வேண்டும். வெயில் எறிக்கும் நாளில்தான் மூடியைத் திறக்கலாம், அதுவும் ஒரு நிமிடத்துக்குமேல் கூடாது, உள்ளே இராணி முட்டையிடத் தொடங்கியிருக்கும், குஞ்சுகளுக்குக் குளிர் ஆகாது. கீழ் வாசலில் செத்த தேனீக்கள் அடைத்திருந்தால் வளைந்த கம்பியால் இழுத்துவிட வேண்டும். கடைசியாக, விரலை மேல் ஓட்டையில் வைத்து, "டொப் ஹோல். லுக். நோ குளோஸ்" என்றார்.

அண்ணை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்த அம்மா போனபின் கடைசியாகச் சொன்னது என்ன என்று அவரிடம் கேட்டேன். மூடாதே என்று சொன்னதாகத்தான் என் காதில் விழுந்திருந்தது.

"மேல் ஓட்டை மூடாமல் கிடக்காம், பாத்து மூடட்டாம்" என்றார் அண்ணை. "இப்பதான் மனிசிக்கு விளங்கியிருக்கு."

நான் திரும்பக் கேட்கவில்லை. பத்துச் சொல் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான் யாரோடு வாதாடுவது.

மறு கிழமை பெருங்குளிர் இறங்கியது. முகத்தில் காற்றுப் பட்டால் கண்ணீர் வந்து, வந்த கண்ணீர் இமையிலேயே உறைந்தது. அண்ணை வானில் ஒரு பை நிறையத் துணி கொண்டுவந்திருந்தார். எல்லாம் கையளவு துண்டுகளாக வெட்டிய நூல்சீலை. சிவப்பில் மஞ்சள் கரை. முதல் வரிசையை அவர் அடைத்தார். இரண்டாம் மூன்றாம் வரிசைகளை என்னிடம் தந்துவிட்டு வானைச் சூடாக்கப் போனார். இரண்டாம் வரிசையில் நான் ஒவ்வொரு ஓட்டையிலும் துணியைத் திரித்து, பென்சில் முனையால் குத்தி இறுக்கினேன். அதற்குள் விரல்கள் என்னுடையவையாக இருக்கவில்லை. மூன்றாம் வரிசை வயல்பக்கம், காற்று நேரே வரும். அந்தப் பன்னிரண்டு பெட்டிகளையும் தூரத்திலிருந்து பார்த்தேன். மிஞ்சிய துணியைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு வானுக்குத் திரும்பினேன்.

"முடிஞ்சுதே?"

"ஓம் அண்ணை."

பிறகு இரண்டு தடவை பெரும்பனி கொட்டியது. கீழ் வாசல்கள் எல்லாம் பனிக்குள் புதைந்தன. தோண்டிவிட வேண்டாமா என்று கேட்டேன். பனி ஒரு போர்வை, அது கிடக்கட்டும், மூடியையும் திறக்க வேண்டாம் என்றார்.

மார்ச் கடைசியில் ஒருநாள் நல்ல வெயில் எறித்தது. நாங்கள் போய் இறங்கியபோது மூன்றாம் வரிசைக்கு முன்னால் தேனீக்கள் பறந்துகொண்டிருந்தன. மாதக்கணக்காக வயிற்றில் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் பனியின்மேல் மஞ்சள் பொட்டுக்களாக இறக்கிக்கொண்டிருந்தன. முதல் இரண்டு வரிசைக்கு முன்னால் பனி வெள்ளையாகவே கிடந்தது.

அண்ணை இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "பாத்தீரே? மற்ற ரெண்டு வரிசையும் நல்ல சூட்டில நித்திரை கொள்ளுதுகள்."

மூன்றாம் வரிசையில் மட்டும் ஏன் வேறு விதமாக நடக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்தது நான். முதல் வரிசையில் ஒரு பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. இரண்டாம் வரிசையில் ஒன்றில் மிக மெல்லிய இரைச்சல். மூன்றாம் வரிசையில் தூரத்து மழை மாதிரிக் கேட்டது. அந்த இடத்திலேயே துணிகளை இழுத்திருக்கலாம். இழுத்தால், மூன்றாம் வரிசையில் துணி எங்கே என்ற கேள்வி வரும். ஆயிரக்கணக்கான உயிர்களுக்கும் என்னுடைய சின்னப் பொய்க்கும் நடுவில் நின்று, நான் பொய்யைக் காப்பாற்றினேன். அண்ணையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் இதையும் எழுதத்தான் வேண்டும்.

போலந்து அம்மா ஏப்ரல் முதல் கிழமையில் இரண்டு ஊன்றுகோல்களோடு வந்தார். சுப்பர்தான் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். அந்த அம்மா வீட்டுக்குள் போகாமல், சேற்றில் ஊன்றுகோல் புதையப் புதைய, நேரே பெட்டிகளுக்கு வந்தார். முதல் பெட்டிக்கு முன்னால் நின்றார். மேல் ஓட்டையைப் பார்த்தார். விரலை வைத்தார். விரல் போகவில்லை.

எங்களை மூடியைத் தூக்கச் சொன்னார். சாக்குத் தலையணை நீரில் ஊறிக் கனத்துப்போயிருந்தது. பூஞ்சை மணம் முகத்தில் அடித்தது. தேனடைகளுக்கு நடுவில் தேனீக்கள் ஒரு பந்தாகத் திரண்டபடியே நனைந்து செத்துக்கிடந்தன. நாலு அங்குலம் தள்ளி அடையைத் தாங்கும் மரச்சட்டம் ஒன்று நிறையத் தேன் தொடப்படாமல் இருந்தது. அந்த அம்மா தன் வாயருகே கையை வைத்து ஊதி, பிறகு விரல்களை மேலிருந்து கீழே சொட்டுவதுபோல அசைத்துக் காட்டினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவை குளிரால் சாகவில்லை. தாங்கள் விட்ட மூச்சே மேலே போய் நீராகித் திரும்ப அவற்றின் தலையில் சொட்டியிருக்கிறது. மூச்சு வெளியே போவதற்குத்தான் அந்த ஓட்டை.

அண்ணை சும்மா இருக்கவில்லை. கனடாத் தேனீக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, இது ஒரு வகை வைரஸ், வன்னியிலும் ஒருமுறை வந்தது என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். அந்த அம்மா அடுத்தடுத்த பெட்டிகளைத் திறக்கச் சொல்லிக்கொண்டே போனார். இருபத்துநான்கில் பத்தொன்பது செத்திருந்தன. ஐந்தில் ஒரு கைப்பிடி உயிர் மிச்சம் இருந்தது. மூன்றாம் வரிசையில் ஒன்று பசியில் செத்திருந்தது, பதினொன்று உயிரோடு இருந்தன.

அந்த அம்மா முதல் பெட்டிக்குத் திரும்பிவந்து, ஓட்டையிலிருந்த துணியைப் பிடித்து இழுத்தார். அது திரித்தபடியே வந்தது. சிவப்பு, மஞ்சள் கரை. அதை விரித்து எங்களுக்கு முன்னால் பிடித்து, யார் செய்தது என்று கேட்டார்.

அண்ணை அந்தத் துணியைப் பார்த்தார். தன் வாழ்நாளில் முதன்முதலாகக் காண்பவர்போலப் பார்த்தார்.

"ஐ டோன்ட் நோ" என்றார்.

நான் அவரை அறிந்த காலத்தில் அந்தச் சொற்கள் அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு தடவைதான். தெரியாத விசயம் எல்லாவற்றையும் தெரியும் என்று சொன்ன மனிதர், நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்றார். அவர் பொய் சொன்னது என்னைச் சுடவில்லை. அது சீலைத்துணி. அந்த வெளியில் சீலை கட்டக்கூடியவள் நான் ஒருத்திதான். பழி என் தலையில் விழும் என்பது அவருக்கும் தெரியும்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கணவருடைய சம்பளத்தில் வாடகைக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. கையை நீட்டி, அந்த வரிசை அவர் என்றேன், இந்த வரிசை நான் என்றேன். மூன்றாம் வரிசை யார் என்று அந்த அம்மா கேட்டார். கை விறைத்தது, செய்யவில்லை, செய்தேன் என்று பொய் சொன்னேன் என்று என் பத்துச் சொற்களைத் திருப்பித் திருப்பிப் போட்டுச் சொல்லி முடித்தேன்.

அந்த அம்மா உயிரோடிருந்த பதினொரு பெட்டிகளின் பக்கம் பார்த்தார். "லேசி" என்றார், சோம்பேறியாம். பிறகு, "குட்" என்றார்.

அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் உண்மையான மனவருத்தம் இருந்தது. அடைத்துவிட்டேன் என்று நான் அவரிடமே பொய் சொல்லியிருக்கிறேன். அதை அவரால் தாங்க முடியவில்லை.

அன்று பின்னேரம் அந்த அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுப் புகைக்குவளையை என் கையில் தந்தார். அதுவரை அது அண்ணையின் கையில்தான் இருந்தது. துணி அண்ணையின் வேலைதான் என்று நான் சொன்னதை எப்படி நம்பினீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மாவின் உடைந்த ஆங்கிலத்தில் நான் பிடித்துக்கொண்ட பொருள் இதுதான்: எல்லாம் தெரிந்த மனிதன், இன்றைக்கு மட்டும் தெரியாது என்கிறான், இதற்குமேல் யாராவது வந்து எனக்குச் சொல்ல வேண்டுமா. ஊன்றுகோலோடு நிற்கிற தனக்கு இப்போதும் இரண்டு பேர் தேவை என்பதால் அண்ணையை வேலையிலிருந்து நிறுத்தவில்லை என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு அண்ணை பேசவில்லை. செத்த பெட்டிகளைத் துப்புரவாக்கும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. காலையில் வானை ஓட்டுவார், இறங்குவார், பத்தொன்பது பெட்டிகளில் ஒன்றைத் தூக்கி மேசையில் வைப்பார். ஈரமும் பூஞ்சையுமான தேனீக்களைச் சட்டம் சட்டமாகச் சுரண்டி வாளியில் போடுவார். 401 நெடுஞ்சாலையில் அரை மணித்தியாலம் நின்றால்கூட ஏன் நிற்கிறோம் என்று சொல்லமாட்டார். எனக்கு முதலில் அது திருப்தியாக இருந்தது. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வருவேன். நாலாம் நாள் அந்த அமைதி காதைக் குடையத் தொடங்கியது.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணையின் மனைவி எங்கள் கதவைத் தட்டினார். குள்ளமான, கண்ணில் எப்போதும் ஒரு சிரிப்பை வைத்திருக்கிற அக்கா. என்ன நடந்தது என்று கேட்டார்.

"ஒன்பது நாளாக் கதைக்கேல்லை. முதல் மூண்டு நாளும் கோயிலுக்கு வைச்ச நேர்த்தி பலிச்சிட்டுது எண்டு நினைச்சன். நேற்று ரீவியில ஏதோ எலக்சன் எண்டு சொன்னாங்கள். பேசாமல் இருந்து பாத்தார். அப்பதான் பயம் வந்தது."

நான் முழுவதையும் சொன்னேன். சீலையையும் சொன்னேன். என்ன நிறம் என்று கேட்டார். சொன்னேன். அது தன்னுடைய நல்ல சீலை, உடுப்புத் தோய்க்கிற மெசின் கிழித்துவிட்டது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனவர் என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்தபின் நான் கேட்டேன், வன்னியில் நூறு பெட்டி இருந்தது உண்மையா என்று.

"எங்க கிடந்தது பெட்டி? அவர் யாழ்ப்பாணத்தில பஸ் ஸ்ராண்டில நேரக்காப்பாளராய் இருந்தவர்" என்றார் அக்கா.

பிறகு தேத்தண்ணீர் ஆறும்வரை அதைச் சொன்னார். சண்டை நடந்த அந்தக் கடைசி வருடங்களில் எந்த பஸ் வரும், எது வராது என்று யாருக்கும் தெரியாது. பாதை திறந்திருக்கிறதா என்றும் தெரியாது. சனம் மூட்டை முடிச்சோடு, கைக்குழந்தையோடு அந்தச் சின்ன அறை ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்று அவரிடம் கேட்கும். முதலில் தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறார். சனம் அழுதது, சண்டை பிடித்தது, ஒருவர் ஜன்னல் கம்பியில் தலையை மோதினார். ஒருநாள் பத்தரைக்கு வரும் என்று சும்மா சொல்லிப் பார்த்தார். எல்லாரும் அமைதியாகக் குந்தியிருந்து பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். பத்தரைக்கு வரவில்லை. ஒரு மணிக்கு வரும் என்றார். அதற்குப் பிறகு அவர் தெரியாது என்று சொன்னதே இல்லையாம்.

அக்கா போனபின் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கோபமும் போகவில்லை. அந்த ஜன்னலில் நின்ற சனத்துக்கு அவர் சொன்ன பொய் அவர்களுக்கு ஆறுதல் தந்திருக்கலாம். பழியை என்மேல் போட அவர் சொன்ன பொய்யில் ஆறுதல் கிடைத்தது அவருக்கு மட்டும்தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மே நடுவில் அந்த வெளி முழுவதும் மஞ்சள் பூ பூத்தது. உயிர்தப்பிய பெட்டிகள் பொங்கி வழிந்தன. போலந்து அம்மா ஒரு ஊன்றுகோலுக்கு வந்திருந்தார். ஒவ்வொரு பெட்டியையும் இரண்டாகப் பிரிக்கும் வேலையைத் தொடங்கினோம். முட்டையும் புழுவும் உள்ள சட்டங்களை எடுத்து, கூடவே தேனீக்களையும் எடுத்து, துப்புரவாக்கிய வெறும் பெட்டியில் வைத்து, அதற்குப் புது இராணி ஒன்றைக் கொடுக்க வேண்டும். நான் புகை போட்டுச் சட்டத்தைத் தெரிவுசெய்து கொடுப்பேன். அண்ணை வாங்கி வைப்பார். ஒரு மாதத்துக்கும் மேலாக "இந்தாங்கோ", "பிடியும்" என்ற இரண்டு சொற்களில் எங்கள் உறவு நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அந்த அம்மா சாப்பிட உள்ளே போயிருந்த நேரம், ஒரு நீலக் கார் வேலியோரம் வந்து நின்றது. வயதான வெள்ளைக்காரச் சோடி. பெண் கண்ணாடியை இறக்கி, பூங்கன்று விற்கிற ஒரு இடத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்டார். நான் தெரியாது என்று தலையாட்டினேன்.

அண்ணை கையில் தேனீக்கள் மொய்த்த ஒரு சட்டத்தோடு நின்றார். சட்டத்தை மெல்லப் பெட்டிக்குள் இறக்கினார். வலைத்தொப்பியைக் கழற்றினார். வேலிக்குப் போனார். நேரே போய், இரண்டாவது சிக்னல் வெளிச்சத்தில் இடது பக்கம் திரும்பி, ஒரு பெரிய சிவப்புக் களஞ்சியத்தைக் கடந்து, அங்கே வலது பக்கம் என்று உள்ளங்கையில் எழுதி எழுதிக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூன்று தரம் நன்றி சொன்னார். கார் போனது. அண்ணை முதுகை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தார்.

இருபது நிமிடம் இருக்கும். அதே நீலக் கார் எதிர்ப்பக்கத்திலிருந்து மெதுவாக வந்து எங்களைக் கடந்தது. உள்ளே இருந்த இருவரும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் கார் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கால றோட்டு வேலை நடக்குது போல, தங்கச்சி" என்றார்.

கனடாவில் ஏன் மே மாதத்தில் மட்டும் றோட்டுத் திருத்துகிறார்கள் என்று தொடங்கினார். பனி எப்படித் தாரைப் பிளக்கிறது என்று போனார். ஒன்ராறியோவின் சரளைக்கல் எங்கிருந்து வருகிறது, அரசாங்கம் எங்கே பிழை விடுகிறது, ஆனையிறவுப் பாதையை இவர்களிடம் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று எல்லாம் வந்தது. நான் சட்டங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். அந்த வரிசை முடிந்தது. அடுத்த வரிசையும் தொடங்கியது. குறுக்கே பேசினால் நின்றுவிடுமோ என்று பயந்து நான் வாயே திறக்கவில்லை. மன்னிப்பு என்று நான் காத்திருந்த அந்த ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொற்களையும் அண்ணை சொல்லிக்கொண்டிருந்தார்.